விசை நுண்ணோக்கியின் வரலாறும் அதன் சான்றுத் திறமும்

பருப்பொருள் ஒவ்வொன்றிற்கும் உள்ளீடு வேறு, மேற்பரப்பு வேறு என்பது அறிவியலார் நெடுங்காலமாக உணர்ந்த உண்மையாகும். துரு ஏறுவதும், பசை ஒட்டுவதும், தேய்வு நிகழ்வதும், வினையூக்கி தன் தொழிலைச் செய்வதும் மேற்பரப்பிலேயே. உள்ளிருக்கும் அணுவிற்கு எல்லாப் புறத்தும் அண்டை அணுக்கள் உண்டு. மேற்பரப்பின்கண் உள்ள அணுவிற்கோ ஒருபுறம் துணையில்லை. ஆகலின் அவ்வணுக்கள் தமக்குள் வேறோர் ஒழுங்கை மேற்கொள்கின்றன. அவ்வொழுங்கும் ஓரிடத்தில் இருப்பதுபோல் மற்றோரிடத்தில் இருப்பதில்லை. ஓர் உலோகத் தகட்டின் மேற்பரப்பு இவ்வளவு கடினமுடையது, இவ்வளவு உராய்வுடையது என்று கூறுங்கால், கோடானுகோடி அணுக்களின் சராசரியையே நாம் கூறுகின்றோம். ஓரிடத்துப் பண்பை அவ்விடத்திலேயே அளந்தறிதல் இயலுமா என்னும் வினாவிற்கு விடையாக எழுந்த கருவியே வருடு விசை நுண்ணோக்கி. அதன் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருவியைப் பற்றி எழுதப்படும் சுருக்க வரலாறுகள் பெரும்பாலும் இரண்டு கூற்றுகளை முன்வைக்கின்றன. 1986-ஆம் ஆண்டில் பின்னிக், குவேட், கெர்பர் என்னும் மூவர் இதனைப் புதிதாகப் படைத்தனர் என்பது ஒன்று. மறு ஆண்டிலேயே இதனால் தனித்தனி அணுக்கள் காணப்பட்டன என்பது மற்றொன்று. முதற்கூற்று உண்மையே எனினும் அதன் முன்வரலாற்றை மறைக்கின்றது. இரண்டாவது கூற்றோ, வழக்கமாகச் சொல்லப்படும் வடிவில், ஏற்கத்தக்கதன்று. படம் ஒன்று கிடைத்தது என்பதும், அப்படம் எதற்குச் சான்று என்பதும் வெவ்வேறு செய்திகள். ஏட்டில் ஒரு பாடம் இருத்தல் வேறு, அதுவே நூலாசிரியர் பாடம் எனத் துணிதல் வேறு என்பதை அறிந்த தமிழாராய்ச்சியாளர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கருவியின் பெயரைப் பற்றியும் ஈண்டு ஒரு சொல் கூறுதல் தகும். 1986-இல் இதற்கு இடப்பட்ட பெயர் 'அணுவிசை நுண்ணோக்கி' என்பது. காந்த விசை, மின்விசை, உராய்வு விசை முதலியவற்றையும் இவ்வகைக் கருவிகள் அளக்கத் தொடங்கிய பின்னர், அனைத்தையும் அடக்கும் பொதுப்பெயராக 'வருடு விசை நுண்ணோக்கி' என்பது வழங்கலாயிற்று. வரிவரியாகச் சென்று ஆராய்தலைக் குறிக்கும் அயற்சொல்லுக்கு நேராகத் தமிழில் 'வருடு' என்னும் வினையை ஆள்கின்றோம். வருடுதலாவது மெல்லத் தடவுதல். மூலச்சொல்லில் இல்லாத மென்மைப் பொருள் தமிழ்ச்சொல்லில் அமைந்துவிட்டது. இக்கருவியைத் திருத்தியவர்கள் பல்லாண்டு பாடுபட்டதும் அந்த மென்மையைப் பெறுதற்கே என்பதனைப் பின்னர்க் காண்போம். 'நோக்கி' என்னும் பகுதிதான் முற்றும் பொருந்தவில்லை. இக்கருவி ஒளியையோ எலக்ட்ரானையோ பொருளின்மேற் செலுத்தி உருவம் பெறுவதன்று. ஊசிமுனையொன்றினால் உற்று அறிவது. தொல்காப்பிய மரபியல் அறிவுகளை எண்ணுங்கால் உற்றறிவை முதற்கண் வைப்பது நினைவிற்கு வருகின்றது. ஆயினும் வழக்கு வலியுடையதாகலின், நுண்ணோக்கி என்றே யாமும் வழங்குவோம்.

முன்னோடிகள்

ஊசியால் மேற்பரப்பைத் தடவி அதன் மேடு பள்ளங்களைப் பதிவு செய்யும் முறை 1986-க்கு மிகவும் முற்பட்டது. 1929-ஆம் ஆண்டில் செருமானியராகிய குஸ்தாவ் ஷ்மால்ட்ஸ் இத்தகைய கருவியொன்றை அமைத்தார். ஊசியின் அசைவு ஒரு சிறு கண்ணாடியைத் திருப்பும். அக்கண்ணாடியிற் பட்டு மீளும் ஒளிக்கதிர் தொலைவிலுள்ள ஒளிப்படத் தாளில் விழும். ஊசியின் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வும் ஆயிரம் மடங்கிற்கு மேலாகப் பெருகித் தாளில் வரையப்படும். இதனை ஒளி நெம்புகோல் என்பர். பின்னர் இங்கிலாந்திலே டெய்லர் ஹாப்சன் நிறுவனம் 1941-இல் வெளியிட்ட கருவி முதலாகத் தொழிற்சாலைகளிற் கடைசற் பொருள்களின் மழமழப்பை அளக்க இம்முறை பரவியது. இவற்றின் குறை யாதெனின், ஊசி பருமையானது என்பதும், அது பொருளை அழுத்தும் விசை மிகுதி என்பதுமாம். மென்மையான பொருளின்மேல் ஊசி சென்ற வழியெல்லாம் கீறல் விழும். கீறலை உண்டாக்கிவிட்டு அக்கீறலையே அளப்பது மேற்பரப்பை அளந்ததாகாது.

ஊசி பொருளைத் தொடாமலே அதன்மேல் உலவச் செய்யும் எண்ணம் அமெரிக்க நாட்டுத் தரநிலை ஆய்வகத்தைச் சார்ந்த ரசல் யங் என்பாருடையது. இவர் எர்வின் முல்லரின் மாணவர். முல்லரும் அவருடன் பணியாற்றிய இந்தியராகிய கன்வர் பகதூரும் 1955-ஆம் ஆண்டு அக்டோபரில், புல அயனி நுண்ணோக்கி வாயிலாக டங்ஸ்டன் ஊசிமுனையிலுள்ள தனி அணுக்களை முதன்முதற் கண்டனர். அங்கே ஊசிமுனையே காணப்படும் பொருள். யங் அதனைக் காணும் கருவியாக மாற்றினார் எனலாம். ஊசிக்கும் பொருளுக்கும் இடையே மின்னழுத்தத்தை ஏற்படுத்தி, வெளிப்படும் எலக்ட்ரான் ஓட்டத்தைக் கொண்டு இடைவெளியை நிலைநிறுத்தி, அழுத்தமின் படிகங்களால் ஊசியை வரிவரியாக நகர்த்தினார். பின்வந்த கருவிகளின் உறுப்புகள் ஏறத்தாழ அனைத்தும் இதன்கண் உள. 1972-இல் வெளியிடப்பட்ட கட்டுரையில் அவருடைய கருவியின் நுட்பம் செங்குத்தாக 30 ஆங்ஸ்ட்ராம், கிடையாக 4000 ஆங்ஸ்ட்ராம் எனக் காண்கின்றோம். அணுவை எட்ட இது போதாது. அதற்குள் 1971-ஆம் ஆண்டோடு அத்திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. கருத்து முழுமையாக இருந்தும், அதிர்வை அடக்கும் வழி கைவராமையாலும் ஆதரவு தொடராமையாலும் வெற்றி கைநழுவியது. இவ்வகைச் செய்திகள் அறிவியல் வரலாற்றில் அரியன அல்ல. எனினும் யங்கின் நிலை இரங்கத்தக்கதே. 1986-ஆம் ஆண்டு நோபெல் பரிசை அறிவித்தவர்கள் அவர் பெயரை மறவாது சுட்டியது ஒருவாறு ஆறுதல் அளிப்பது.

சுவிட்சர்லாந்து நாட்டு ரூஷ்லிக்கானில் உள்ள ஐ.பி.எம். ஆய்வகத்திற் கெர்டு பின்னிக், ஹைன்ரிச் ரோரர் ஆகிய இருவரும் கெர்பர், வைபெல் என்பாருடன் கூடி இயற்றிய வருடு ஊடுருவல் நுண்ணோக்கியின் கதை பலரும் அறிந்தது. ஊசிக்கும் பொருளுக்கும் இடைவெளி சில ஆங்ஸ்ட்ராம் அளவே இருக்குமாயின், எலக்ட்ரான்கள் இடைவெளியை ஊடுருவிச் செல்லும். இடைவெளி ஓர் ஆங்ஸ்ட்ராம் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும். இக்கடும் மாற்றமே அக்கருவியின் உயிர். அதிர்வை அடக்குதற்பொருட்டு முதலில் மீக்கடத்தும் ஈயக் கிண்ணத்தின்மேற் காந்தங்களை மிதக்கவிட்டனர் என்பதிலிருந்தே அவர்கள் பட்ட பாட்டை உணரலாம். 1981-ஆம் ஆண்டு மார்ச்சில் ஊடுருவலின் அடுக்குக்குறி மாற்றத்தைக் கண்டனர். 1983-இல் சிலிக்கான் படிகத்தின் ஏழுக்கு ஏழு என்னும் மேற்பரப்பு அமைப்பை வெளியிட்டனர். பதிகருவி வரைந்த கோடுகளை வெட்டி அடுக்கி உருவாக்கிய அந்தப் புடைப்புருவம் நெடுநாள் வழக்கொன்றைத் தீர்க்க வழிகாட்டியது. மூன்றாண்டில் நோபெல் பரிசும் வந்தது.

1986-ஆம் ஆண்டுக் கருவி

ஊடுருவல் நுண்ணோக்கிக்குப் பெருங்குறையொன்று உண்டு. மின்னைக் கடத்தாப் பொருள்களிடத்து அது பயன்படாது. பீங்கான், கண்ணாடி, பிளாஸ்டிக்கு, உயிர்ப்பொருள் என உலகப் பொருள்களுட் பெரும்பகுதி இதனால் விலக்குண்டன. காற்றிற் கிடக்கும் உலோகமும் தன் ஆக்சைடுப் படலத்தால் இடர் விளைக்கும். பின்னிக் 1985-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற் கால்வின் குவேட் என்பாரிடம் தங்கியிருந்த காலத்தில் இக்குறையைத் தீர்க்க முனைந்தார். குவேட் முன்னரே ஒலியலை நுண்ணோக்கியை அமைத்துப் புகழ்பெற்றவர்.

மின்னோட்டத்தை விட்டுவிட்டு, ஊசிக்கும் பொருளுக்கும் இடையே எப்பொழுதும் உள்ள விசையையே அளந்தால் என்ன என்பது அவர்கள் எழுப்பிய வினா. அணுக்களிடையே உள்ள விசை மிகச் சிறியதாயிற்றே, அதனை அளக்கும் வில் எங்கே கிடைக்கும் என ஐயுறுதல் இயல்பு. ஈண்டு ஒரு கணக்கு உதவுகின்றது. திண்பொருளில் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழப் பத்து இலட்சம் கோடி என்னும் அளவில் அதிர்கின்றன. அணுவின் நிறையும் தெரிந்ததே. இவ்விரண்டினின்றும் அணுவை அணுவோடு பிணிக்கும் 'வில்லின்' விறைப்பு மீட்டருக்கு 10 நியூட்டன் அளவினது எனப் பெறப்படும். அடுக்களையிற் பயன்படும் அலுமினியத் தாளில் 4 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டர் அகலமும் உடைய துண்டொன்றை வெட்டினால் அதன் விறைப்பு மீட்டருக்கு 1 நியூட்டன் அளவே இருக்கும். அணுப்பிணிப்பைக் காட்டிலும் மெலிந்த வில்லைக் கையாற் செய்துவிடலாம் என்பது இதனாற் போதரும். இவ்வளவு எளிய கணக்கை 1985-க்கு முன் ஒருவரும் இந்நோக்கிற் போட்டுப் பார்க்கவில்லை என்பதே வியப்பு.

பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் 1986-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்ட கட்டுரையிற் கூறிய கருவியின் நெம்புத்தகடு தங்கத்தாலானது. கனம் 25 மைக்ரோமீட்டர், நீளம் 0.8 மில்லிமீட்டர், அகலம் 0.25 மில்லிமீட்டர். அதன் நுனியில் வைரத்துகள் ஒன்றை ஒட்டியிருந்தனர். தகடு வளைவதை அளக்க அதன் முதுகுப்புறத்தே ஊடுருவல் நுண்ணோக்கியின் ஊசியையே நிறுத்தினர். அலுமினாப் பீங்கானை ஆராய்ந்து, கிடையாக 30 ஆங்ஸ்ட்ராமும் செங்குத்தாக ஓர் ஆங்ஸ்ட்ராமிற்குக் குறைவும் ஆகிய நுட்பத்தைப் பெற்றதாக அறிவித்தனர். அணுவைக் கண்டதாக அவர்கள் அக்கட்டுரையிற் கூறவில்லை. ஷ்மால்ட்ஸின் ஊசிப்பொறியும் ஊடுருவல் நுண்ணோக்கியும் கலந்த கலவையே தங்கள் கருவி என்பதை அவர்களே வெளிப்படையாகக் கூறினர். கருவியை ஆக்கியவர்களிடம் இருந்த அடக்கம் அதனைப் பற்றிப் பின்னர் எழுதியவர்களிடம் இல்லாது போயிற்று.

ஊடுருவல் ஊசியைத் தகட்டின் முதுகில் நிறுத்துதல் கடினமான வேலை. 1988-இல் ஐ.பி.எம். யார்க்டவுன் ஆய்வகத்து மேயர், ஏமர் என்னும் இருவரும் அதனை நீக்கி, தகட்டின் முதுகில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, மீளும் கதிர் நகர்வதை ஒளியுணரியால் அளந்தனர். ஷ்மால்ட்ஸ் 1929-இற் கையாண்ட ஒளி நெம்புகோல் அறுபது ஆண்டு கழித்து இவ்வாறு மீண்டது. அடுத்த சில ஆண்டுகளிற் சிலிக்கான் நைட்ரைடாலும் சிலிக்கானாலும் நெம்புத்தகட்டையும் ஊசியையும் ஒருசேர வார்த்தெடுக்கும் முறை வந்தது. கையால் வைரத்துகள் ஒட்டும் காலம் முடிந்தது. கருவி பலர் கைக்கும் சென்றது இவ்விரண்டாலுமே என்பது எம் கருத்து.

அணுவைக் கண்டனரா?

1987-ஆம் ஆண்டிலிருந்து கிராஃபைட்டு, போரான் நைட்ரைடு, மைக்கா முதலிய படிகங்களின் படங்கள் வெளிவரலாயின. அவற்றில் அணுக்களின் இடைவெளிக்கு ஒத்த அளவில், தேன்கூட்டைப் போன்ற ஒழுங்கான மேடுபள்ளங்கள் தெரிந்தன. மின்கடத்தாப் பொருளிலும் அணுவைக் கண்டாயிற்று என்று பேசப்பட்டது.

இப்படங்களிற் குறை எங்கே இருந்தது? குறை இல்லாமையே குறை. மெய்யான படிகத்தின் மேற்பரப்பில் ஆங்காங்கே ஓரணு இல்லாத வெற்றிடமும், அயலணுவும், படிக்கட்டுப் போன்ற விளிம்பும் இருந்தே தீரும். ஊடுருவல் நுண்ணோக்கியின் சிலிக்கான் படங்களில் அவை தெளிவாக இருந்தன. விசை நுண்ணோக்கியின் படங்களிலோ ஒழுங்கு மட்டும் இருந்தது. ஒழுங்கின் சிதைவு ஒன்றேனும் இல்லை. ஏட்டுப்படி ஒன்றில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லையெனின், அது மூல ஏட்டினின்றும் நேரே படியெடுத்ததோ, திருத்தியவர் ஒருவர் கை இடையிற் பட்டதோ என நாம் ஐயுறுகின்றோம் அன்றோ? அதனை ஒத்த ஐயமே இங்கும் எழுந்தது.

ஐயத்திற்கு மற்றொரு வலுவான காரணமும் உண்டு. அக்காலத்துக் கருவிகள் காற்றில் இயங்குங்கால் ஊசி பொருளை அழுத்திய விசை பத்துக் கோடியில் ஒரு பங்கு நியூட்டனுக்குக் குறையவில்லை. ஊசிமுனையில் ஓரணு மட்டுமே தொடுகின்றது எனக் கொள்வோமாயின், ஓரணுவின் பரப்பில் அவ்விசை உண்டாக்கும் அழுத்தம் 100 கிகாபாஸ்கல் ஆகும். அஃதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போற் பத்து இலட்சம் மடங்கு. வைரத்தின் கடினத்தோடு ஒப்பிடத்தக்க இவ்வழுத்தத்தை ஓரணு தாங்கி நிற்றல் இயலாது. பொருள் அமுங்கும், ஊசி மழுங்கும், தொடும் பரப்பு விரியும். ஆகவே தொட்டது ஓரணுவன்று, பல அணுக்கள்.

பல அணுக்கள் தொட்டால் ஒழுங்கு எவ்வாறு தெரியும் என வினவலாம். பல்வரிசையுள்ள சீப்பு ஒன்றை மற்றொரு சீப்பின்மேல் இழுத்தால், எத்தனை பற்கள் தொட்டாலும், ஒரு பல்லிடைவெளிக்கு ஒருமுறை தடங்கல் தோன்றுவதை ஒப்ப இதுவும் என்க. படிக அமைப்பின் ஒழுங்கு தெரியும். தனி அணு தெரியாது. இதற்கு அக்காலத்திலேயே சான்று இருந்தது. 1987-இல் ஐ.பி.எம். அல்மடன் ஆய்வகத்தில் மேட், மெக்கிளெல்லண்டு, எர்லண்ட்சன், சியாங் ஆகியோர் டங்ஸ்டன் ஊசியைக் கிராஃபைட்டின்மேல் இழுத்து உராய்வை அளந்தனர். ஊசி நழுவாமற் பற்றுவதும் பின் சடுதியில் நழுவுவதுமாகச் சென்றது. அவ்விட்டுவிட்டு நழுவும் இடைவெளி கிராஃபைட்டின் அணுவமைப்பு இடைவெளியாகிய 2.5 ஆங்ஸ்ட்ராமிற்கு ஒத்திருந்தது. ஆனால் அவர்கள் ஏற்றிய சுமையோ சில மைக்ரோநியூட்டன் முதற் பல்பத்து மைக்ரோநியூட்டன் வரையில். 10 மைக்ரோநியூட்டன் சுமைக்கு மேற்கூறிய கணக்கைப் போட்டுப் பார்த்தால், வைரத்தின் கடினத்தையே கொடுத்தாலும், தொடும் அணுக்கள் ஆயிரத்திற்குக் குறையா. ஆயிரம் அணு தொட்டும் ஒழுங்கு தெரிந்ததென்றால், ஒழுங்கு தெரிதல் ஓரணுவைக் கண்டதற்குச் சான்றாகாது என்பது வெளிப்படை. உராய்வு பற்றிய அந்நல்லாய்வு, அணுவைக் கண்டோம் என்ற கூற்றுக்குத் தன்னையறியாமலே மறுப்பாக அமைந்தது.

இவ்வழக்கு தீர ஆறாண்டும் எட்டாண்டும் ஆயின. 1993-இல் ஓனெசோர்கே என்பாரும் பின்னிக்கும் கால்சைட்டுப் படிகத்தை நீருள் வைத்து, விசையை மிகவும் குறைத்து, அணுப்படியின் விளிம்பைப் பிரித்துக் காட்டினர். நீருள் வைத்தமைக்குக் காரணம் உண்டு. காற்றில் எப்பொருளின்மேலும் மெல்லிய நீர்ப்படலம் படிந்திருக்கும். ஊசி அருகே வந்தவுடன் அப்படலம் ஊசியைப் பற்றிக் கீழே இழுக்கும். முழுவதும் நீரில் மூழ்குவித்தால் இந்த இழுப்பு இல்லை. 1995-இல் கீசிபல் என்பார் வேறு வழியிற் சென்றார். மீவெற்றிடத்தில், தொடாமல், தகட்டை 34 நானோமீட்டர் வீச்சில் அதிரவிட்டு, அதிர்வெண் மாறுவதைக் கொண்டு சிலிக்கானின் அதே ஏழுக்கு ஏழு மேற்பரப்பைப் படமெடுத்தார். அப்படத்திற் குறைகள் இருந்தன. விசை நுண்ணோக்கி அணுவைக் கண்ட ஆண்டாக 1987-ஐ அன்று, 1993-ஐயும் 1995-ஐயுமே கொள்ளல் வேண்டும்.

உருவத்தினின்றும் பண்பிற்கு

அணுவைக் காண்பதிலேயே கருத்தூன்றியவர் ஒருபுறமிருக்க, வேறு சிலர் இக்கருவியின் தனிச்சிறப்பு உருவத்திலன்று, பண்பை இடந்தோறும் அளத்தலில் உள்ளது எனக் கண்டனர். அவர்களுள் முதல்வராக இலங்கையிற் பிறந்த குமார் விக்கிரமசிங்கவைக் கூறலாம். யார்க்டவுன் ஆய்வகத்தில் அவரும் மார்ட்டின், வில்லியம்சு என்பாரும் 1987-இல், தகட்டை அதிரவிட்டுப் பொருளைத் தொடாமலே விசைமாற்றத்தை அளக்கும் முறையைக் காட்டினர். அதே ஆண்டில் மார்ட்டினும் அவரும் காந்த ஊசியைக் கொண்டு காந்தப்புலத்தை 1000 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்திற் படமாக்கினர். 1991-இல் நானென்மேக்கர், ஓபாயில் என்பாருடன் கூடி, மின்தொடு அழுத்தத்தை இடந்தோறும் அளந்தார். இரு வேறு உலோகங்களை இணைத்தால் அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றும் என்பதையும், தகடுகளிடையே ஈடுசெய்யும் அழுத்தத்தைக் கொடுத்து அதனை அளக்கலாம் என்பதையும் கெல்வின் பிரபு 1898-இலேயே காட்டியிருந்தார். பெருந்தகடுகளுக்கு உரிய அம்முறையை ஊசிமுனைக்கு ஆக்கியதே 1991-ஆம் ஆண்டுச் செயல்.

உராய்வு பற்றிய ஆய்வும் இக்காலத்தே செழித்தது. ஒளியுணரியை நான்கு கூறாக்கினால், தகடு மேலும் கீழும் வளைவதோடு பக்கவாட்டில் முறுக்குவதையும் ஒருங்கே அளக்கலாம். 1992-இல் ஓவர்னி முதலியோர், ஹைட்ரோகார்பன் பகுதியும் ஃபுளோரோகார்பன் பகுதியும் தனித்தனித் தீவுகளாகப் பிரிந்து நிற்கும் மெல்லிய படலத்தை ஆராய்ந்தனர். ஃபுளோரின் சேர்ந்த பொருள் வழுக்கும் என்பதே பொது நம்பிக்கை. சமையற் கலங்களின் ஒட்டாப் பூச்சை நினைவுகூர்க. அவர்கள் கண்டதோ ஃபுளோரின் சேர்ந்த இடங்களிலேயே உராய்வு மிகுதி என்பது. சராசரியைக் கொண்டு இடத்தின் பண்பை ஊகித்தல் எத்துணைத் தவறாகக் கூடும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

1993-இல் அதிரும் ஊசி ஒவ்வோர் அதிர்விலும் பொருளைக் கணப்பொழுது தட்டிச் செல்லும் முறை சாந்தா பார்பராவினரால் வெளியிடப்பட்டது. பக்கவாட்டு இழுப்பு இன்மையால் மென்பொருள்கள் சிதையாமல் தப்பின. இன்று ஆய்வகங்களில் மிகுதியாக வழங்குவது இதுவே.

ஊசியை ஓரிடத்தில் நிறுத்தி, அணுக்கியும் அகற்றியும் விசையைத் தொலைவோடு வரைந்தால், அவ்வரைகோட்டில் அவ்விடத்தின் வரலாறே அடங்கும். அணுகுகையில் ஊசி சட்டெனப் பாய்ந்து ஒட்டுவது ஈர்ப்பைக் காட்டும். அழுத்துகையிற் கோட்டின் சாய்வு விறைப்பைக் காட்டும். அகற்றுகையில் ஊசி விடாது பற்றி நிற்கும் அளவு ஒட்டுந் தன்மையைக் காட்டும். ஆனால் இவ்வெண்களை மேற்கொள்வோர் இரண்டினை மறத்தல் ஆகாது. ஒன்று, தகட்டின் விறைப்பு. அது கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. கனத்தை அளப்பதில் நூற்றுக்குப் பத்துப் பிழை நேர்ந்தால் விறைப்பில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற் பிழை நேரும். 1993-ஆம் ஆண்டில், தகட்டின் மேற் சிறு டங்ஸ்டன் உருண்டைகளை ஏற்றி அதிர்வெண் குறைவதைக் காண்பதும், வெப்பத்தால் தகடு தானே நடுங்கும் அளவைக் காண்பதும் ஆகிய இரு முறைகள் வெளிவந்தன. அதற்கு முன்னர் வெளியிடப்பட்ட விசை அளவுகள் பலவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முடிவு காண்பது தக்கதன்று. மற்றொன்று, ஊசிமுனையின் வடிவம். படத்தில் தெரிவது பொருளின் உருவமன்று. பொருளும் ஊசியும் கூடிய உருவம். ஊசிமுனையைக் காட்டிலும் கூரிய மேடு பொருளில் இருக்குமாயின், மேடு ஊசியைப் படமெடுக்கும். முனை இரண்டாகப் பிளந்திருந்தால் படத்தில் ஒவ்வொன்றும் இரட்டையாகத் தோன்றும். இடத்துப் பண்பு என்னும் தொடரில் 'இடம்' எவ்வளவு பெரிது என்பதும் பண்புதோறும் வேறுபடும். உராய்வு தொடும் பரப்பளவினது. மின்விசையோ நெடுந்தொலைவு செல்வதாகலின் ஊசிமுனையோடு அதன் உடலும் தகடும்கூடப் பங்கு கொள்கின்றன. ஒரே கருவி தந்த இரு படங்களை அருகருகே வைத்து ஒரே நுட்பமுடையனபோற் பேசும் வழக்கம் கட்டுரைகளில் இன்றும் உளது.

கருவி பரவிய பரப்பைப் பற்றிச் சுருங்கக் கூறின் அமையும். 2008-இல் பீனிக்சு என்னும் கலம் செவ்வாய்க்கோளின் மண்துகளை இக்கருவியால் ஆராய்ந்தது. ரொசெட்டாக் கலம் வால்மீன் தூசியை ஆராய்வதற்கு இதனையே கொண்டு சென்றது. 2016-இல் பின்னிக், கெர்பர், குவேட் மூவர்க்கும் காவ்லி பரிசு வழங்கப்பட்டது.

மீண்டும் எழுந்த வினா

2009-ஆம் ஆண்டில் ரூஷ்லிக்கான் ஆய்வகத்தினராகிய குரோஸ் முதலியோர் ஊசிமுனையில் ஒரே ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூற்றை ஏற்றி, பென்டசீன் என்னும் மூலக்கூற்றைப் படமெடுத்தனர். ஐந்து வளையங்களும் வேதியியல் நூலில் வரைந்தாற்போலத் தோன்றின. கண்டோர் வியந்தனர், வியப்பிற்கு இடமும் இருந்தது. நுனியில் இருப்பது இன்ன மூலக்கூறு எனத் தெரிந்தமையின், ஊசியின் வடிவம் பற்றிய பழைய ஐயம் இங்குப் பெரிதும் நீங்கியது.

2013-இற் பெய்சிங்கு நகரத்து ஆய்வாளர் ஒரு படி மேலே சென்று, அருகருகே கிடக்கும் மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பையே கண்டதாக அறிவித்தனர். படத்தில் மூலக்கூறுகளை இணைக்கும் கோடுகள் மெய்யாகவே இருந்தன. ஆனால் 2014-இல் இருவேறு குழுவினர் அதனை மறுத்தனர். பிராகு நகரத்து ஹாபலா முதலியோர், நுனியில் உள்ள கார்பன் மோனாக்சைடு விறைத்து நிற்பதன்று, அண்டை அணுக்களின் விலக்கலால் இருபுறமும் சாய்வது, அச்சாய்வே அணுக்களின் இடையே கூரிய கோடுகளைத் தோற்றுவிக்கும் எனக் கணக்கிட்டுக் காட்டினர். ஹாமலாய்னன் முதலியோர் செய்முறையால் இதனை நாட்டினர். பிணைப்பே இல்லாத இரு நைட்ரஜன் அணுக்களின் இடையிலும் அவர்கள் படத்திற் கோடு தெரிந்தது. பிணைப்பில்லாத இடத்தும் கோடு தோன்றுமாயின், கோடு தோன்றுதல் பிணைப்பிற்குச் சான்றாகாது. 1987-இல் ஒழுங்கைப் பற்றி எழுந்த வாதமும் இவ்வடிவினதே. நுனியின் சாய்வைக் கணக்கிற் கழித்த பின்னர் படத்தில் எஞ்சுவது எவ்வளவு என்பதனை ஒவ்வொரு மூலக்கூற்றிற்கும் தனித்தனியே ஆராய்கின்றனர்.